பிணம் சாப்பிடப் போயிருக்கிறது

தேவநேசன் இறந்த செய்தி வந்தபோது பெங்களூர் போகும் காலை ரயில் கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றிருந்தது. வாட்ஸாப் குழுவில் அதைப் படித்துவிட்டு எங்கள் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். எதிரில் இருந்தவர், இந்த ஆளுக்கு வேறு வேலையில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் சிரித்தோம் என்று அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் கேபிள் சேனலில் அவர் ஏற்கெனவே ஒருமுறை செத்தவர். தன் போட்டோவுக்கு மாலை போட்டு அரைநாள் ஓட்டினார். எங்கள் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் அவர் வீட்டுக்குப் பூவோடு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. வாசலில் மேசை போட்டு, பக்கத்தில் கேமராவை வைத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "பொணம் சாப்புடப் போயிருக்குது. ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்றார். எனக்கு முன்னால் நின்ற கிழவர் ஒருவர் சரியென்று தலையாட்டிவிட்டு, மர நிழலில் போய்க் காத்திருந்தார். அவர் காத்திருந்ததைத்தான் ஊர் வாரக்கணக்கில் பார்த்துச் சிரித்தது.

நல்ல மனிதர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கெட்டிக்காரர், அவ்வளவுதான். "அர்த்தம் இருந்தா அது நியூஸ். அர்த்தமே இல்லன்னா அது நம்ம ஊரு" என்பார். அவர் நிகழ்ச்சியில் யாரும் வழுக்கி விழமாட்டார்கள், மாறுவேஷம் கிடையாது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் அவர் குமாஸ்தா. இந்தப் பக்கம் மனு கொடுக்க வந்த ஆளாக நான். நான் எதைக் கேட்டாலும், உலகத்தில் இல்லாத ஒரு காகிதத்தை அவர் நிதானமாகக் கேட்பார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு ஊரே அப்படிப்பட்ட கவுன்டர்களில்தான் நின்றுகொண்டிருந்தது. அங்கே அழுதுவிட்டு வந்தவர்கள் இங்கே வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

எப்போதும் கன்னத்தில் ஒரு சுக்கு மிட்டாயை அடக்கியிருப்பார். நடுநடுவே கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போவார். பீடி பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம்.

என் அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். தூசி நெஞ்சில் படிந்து, பத்தடி நடந்தால் இருமி இருமி உட்கார்ந்துவிடுவார். அவரைப் பார்க்க வந்துவிட்டுப் போன தேவநேசன், மறுநாளே எனக்கு ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்தார். நெஞ்சு நோய்க்குச் சான்றிதழ் கேட்டு நான் வர வேண்டும். "நுரையீரல் ஒரிஜினல் கொண்டாந்தியா? ஜெராக்ஸ் செல்லாது" என்பார் அவர். பதில் சொல்ல வாயைத் திறந்து நான் இரும வேண்டும். "உங்கப்பா இருமல்தான் வேணும் ஸ்டெல்லா. வேற இருமல் வேணாம்" என்றார். இருமினேன். ஊர் கைதட்டிப் பழக்கிவிட்ட ஆளுக்கு வெட்கம் ஏது?

அது டிவியில் வந்த அன்று அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். "மூணாவது இருமலுக்குத்தான் நான் உக்காருவேன். நீ ரெண்டுலயே உக்காந்துட்ட" என்று திருத்தினார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். அவர் நெஞ்சு எப்போதோ கல்லாகிவிட்டது என்றார் டாக்டர். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நானும் அந்தத் தேவநேசனும் சேர்ந்து சிரிக்க வைத்தே கொன்றோம் என்றாள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள்.

அப்பாவின் சவப்பெட்டியருகில் வந்து நின்று, "நல்ல ரசிகர் போய்ட்டாரு" என்றார் தேவநேசன். வெளியே போகச் சொன்னேன். போனார். அதன்பின் ஆறு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. பிளாட்பாரத்தில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் வாயால் ஒரு மன்னிப்பு வரவேண்டும், அதுவரை முடியாது என்று இருந்தேன்.

அன்று ரயில் பங்காரப்பேட்டை சேர்வதற்குள் அவர் மகன் அழுதுகொண்டே பேசிய குரல் பதிவு வந்தது. மன்னிப்பு கேட்காமலே போய்விட்டாரே என்று எனக்கு வந்தது துக்கமல்ல, ஆத்திரம். இறங்கித் திரும்பினேன்.

வீட்டில் பத்துப் பேர்கூட இல்லை. பாதி ஊர் அதை நிகழ்ச்சி என்று நினைத்து வேலைக்குப் போயிருந்தது. அவர் மனைவி ரோஸ்மேரி அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். சாவு வீடென்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: இருமல் வேண்டுமென்றால் அவரே இருமியிருக்கலாமே, என் அப்பாவுடையதை ஏன் எடுத்தார்?

"அவரு இருமினா நிக்காதும்மா" என்றார் அக்கா. "அவரும் பதினஞ்சு வருஷம் சுரங்கத்துல கீழ எறங்குனவருதான? அதான் உன்ன இருமச் சொல்ட்டு, அவரு கவுன்டர்ல உக்காந்துகினாரு."

அப்படியானால் அவர் கொல்லைப்பக்கம் போனது பீடிக்கு இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் முன்னால் நான் இருமியிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை, படுபாவி.

அப்போது அந்தக் கிழவர் வாசலில் வந்து நின்றார். முன்பு மர நிழலில் காத்திருந்த அதே கிழவர். "நெஜமாவா? இல்ல, ரெண்டு மணிக்கு மேல வரட்டா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் நான் சொன்னேன்: "உள்ளதான் இருக்காரு. இன்னிக்கு எங்கயும் போவல."

கிழவர் சிரித்துவிட்டார், சிரித்தபடியே சவப்பெட்டியருகே வந்தார். சிரிப்பு இருமலானது. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எண்ணிக்கைதான். ரயிலில் யாராவது இருமினால், சரியாக இருமுகிறாரா என்று இப்போதும் பார்க்கிறேன்.