பால் வாளித் தண்ணீர்

கார்க் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற இரண்டு சின்ன ஓட்டைகளைப் பற்றித்தான் நானும் என் மனைவியும் கடைசியாகப் பேசினோம். பேசினோம் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் ஒன்று கேட்டாள், நான் அவள் வாயை அடைத்தேன்.

நான் தெரணியகலையில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். அவள் தோட்டத்தில் பால் வெட்டினாள். விடியுமுன்னே ரப்பர் மலைக்குப் போய், மரத்துக்கு மரம் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு மதியத்துக்குள் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். வந்ததும் வாளியைக் கழுவி, அதே வாளியில் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் பிடித்து என் காரைக் கழுவுவாள். பொனட்டைத் திறந்து, கண்ணாடிக்குத் தண்ணீர் போகிற டேங்கையும் நிரப்பி வைப்பாள். அவ்வளவு மரத்துக்குச் சிரட்டை கட்டியிருக்கிறோம், காரைச் செய்தவன் உங்கள் காருக்கும் ஒரு சிரட்டை வைத்திருக்கிறான் பாருங்கள் என்று கிண்டல் பண்ணுவாள். நான் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

போன மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் வலுவிழக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் கண்ணாடியின் நடுவில் வந்து விழும். பிறகு கீழ் விளிம்பை நனைத்தது, பிறகு பொனட்டிலேயே சொட்டியது. பம்ப் செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். முதலில் ஓட்டையைப் பார்ப்போம் என்றார் கார் திருத்துகிற கராஜ் பாஸ். அவர் சிங்களவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். நான் கேட்கவில்லை. நான் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் யார் சொல்வதும் என் காதில் ஏறாது. புதுப் பம்ப் போட்டும் தண்ணீர் அப்படியேதான் சொட்டியது. கள்ளச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று பாஸைத் திட்டிக்கொண்டே திரிந்தேன்.

அந்த வாரத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல் போலிருக்கிறது, தாமதிக்காமல் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா துண்டு எழுதிக் கொடுத்தார். இடது பக்கச் சீட்டைச் சாய்த்து, அவளைக் கம்பளியால் போர்த்திப் படுக்க வைத்துக் கிளம்பினேன். மழை விட்டிருந்தது, ரோடு முழுக்கச் சேறு. முன்னால் போன லொறி ஒன்று கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி அடித்தது. பட்டனை அமுக்கினால் தண்ணீர் வரவில்லை. வைப்பர் சேற்றை மெழுகிவிட்டது. நிறுத்தி, இறங்கி, துவாயால் துடைத்துவிட்டு ஏறினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவை ஏறும்போது கதவை அறைந்து சாத்தினேன். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏங்க, நான் பால் வாளியிலதானே தண்ணி ஊத்துறேன். கழுவிட்டுத்தான் ஊத்துறேன். இருந்தாலும் ஓரத்துல பால் ஒட்டியிருந்து, அது போயி அடைச்சிருக்குமோ?"

"சும்மா கெட. காரப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"சரிங்க" என்றாள். கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டாள். வார்டில் தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள். மற்றபடி நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தாள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

கருமாதி முடிந்து மறுபடி ஹயர் ஓட்டப் போகும் முன் காரைக் கராஜில் விட்டேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பாஸ் பொனட்டுக்கு அடியில் குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை. ஓட்டையில் ஊசியை விட்டு மெல்லச் சுழற்றி இழுத்தார். மஞ்சளாக, மெல்லிசாக ஒரு இழை வந்தது. இழுக்க இழுக்க நீண்டு, பிறகு அறுந்தது. விரலில் உருட்டி முகர்ந்து பார்த்தார்.

"மே ரப்பர் கிரி நே" என்றார். இது ரப்பர் பால்தானே என்று.

நானும் வாங்கி முகர்ந்தேன். மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பாலின் வாடை. இத்தனை வருஷமும் அவள் தலைமுடியிலும் சேலையிலும் இருந்த வாடை. அந்தக் கராஜில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவள் சொன்னது அச்சு அசலாகச் சரி. பாஸுக்குப் புரிந்த ஒரு விஷயம், அவருக்கு முன்பே காய்ச்சலில் படுத்திருந்தவளுக்குப் புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

இரண்டாவது ஓட்டையையும் சுத்தம் பண்ணிவிட்டு, டேங்கையும் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்றார் பாஸ். உள்ளே கால்வாசித் தண்ணீர் இருந்தது. காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் அவள் ஊற்றியது.

"அதுல கை வைக்காதீங்க பாஸ்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொனட்டை மூடினார்.

பிறகு நான் அந்தப் பட்டனைத் தொடவே இல்லை. சேறு அடித்தால் நிறுத்தி இறங்கித் துடைத்தேன். ஏறியிருப்பவர்கள் முறைத்தாலும் பேசாமல் துடைத்தேன். அப்படி மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் எஹலியகொடவுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகையில், வளைவில் எதிரே வந்த பஸ் கண்ணாடியை முழுக்கச் சேற்றால் மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. யோசிக்க நேரமில்லை, கை தானாகப் போய் அமுக்கிவிட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஜோராக அடித்தது. சேறு விலகி ரோடு தெரியும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கையை எடுக்கும்போது டேங்க் காலியாகி உள்ளே மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர்களை இறக்கிவிட்டு, கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்து பொனட்டைத் திறந்தேன். டேங்கின் மூடி எந்தப் பக்கம் திருகும் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு பிடிக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியவில்லை. போத்தல் முடிந்து, இன்னொன்று வாங்கி ஊற்றினேன். அது நிரம்பி வழிந்து என் காலில் கொட்டியது. ஏழு வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறேன். ஒருநாள்கூட நான் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.