மாற்றுப்பாதையில் வந்த ரத்தம்

கோஷம் போடுகிறவனுக்கு முதலீடு இரண்டே: தொண்டை, வலது கை. பக்கவாதம் கண்ட தோழர்களே, எனக்கு இரண்டும் ஒரே காலையில் போயின.

வாசல் கூட்டம்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை வாசல். கூலி உயர்வு கேட்டுக் கூடியிருந்தோம். துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவன் நான்; என் தொண்டைக்கு மைக் தேவைப்பட்டதில்லை. பாதிக் கோஷத்தில் தூக்கிய கை தானாக இறங்கியது. நான் கையை இறக்கினால் கூட்டம் பதில் கோஷம் போட வேண்டும். போட்டார்கள். நான் தரையில் கிடந்தபோதும் போட்டார்கள். போலீஸ் தூக்க வந்தால் தரையில் விழுவது எங்கள் பழைய முறை, அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். சங்கத்து மாரியப்பன்தான் என் கோணிய வாயைப் பார்த்துக் கத்தினான்: "ஏலே, நிப்பாட்டுங்க! அண்ணாச்சி நெசமாவே விழுந்துட்டாரு!"

பெயர் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெயர் கேட்டார். "ஒழிக" என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றார். அதற்கும் "ஒழிக". வேறு சொல்லே வரவில்லை. பேச்சு நின்றாலும் பழகிய சொல் சிலருக்குத் தங்கிவிடுமாம். என் மனைவி செல்லம்மாள் தலைமாட்டில் இருந்து சொன்னாள்: "வாழ்கன்னு ஒருதடவ சொல்லிப் பாருங்களேன். வீட்டுலயும் அதை நான் கேட்டதில்ல."

உஸ் உஸ்

பிறகு நெற்றிப்பொட்டில் பசையைத் தடவி, பேனா போன்ற கருவியை வைத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தின் ஓட்டம் சத்தமாகக் கேட்டது. வலப்பக்கம் கொடி காற்றில் அடிப்பதுபோல உஸ் உஸ். இடப்பக்கம் முனகல். "பெரிய குழாய் அடைச்சிருக்கு, ஆனா பக்கக் குழாய் வழியா கொஞ்சம் ரத்தம் வருது. அது கூடுனா கையும் பேச்சும் தேறலாம். அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

அந்த வாரம் கட்டிலில் புரண்டே கழிந்தது. பார்க்க வந்த சங்கத்தார் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். அடுத்த வாசல் கூட்டத்தில் யாரைப் பேச வைப்பது என்று வராந்தாவிலேயே விவாதித்தார்கள். நாற்பது வருஷம் கத்தியதற்கு அதுதான் மரியாதை.

மறுபடி கருவி வைத்தபோது இடப்பக்கமும் உஸ் என்றது. வலது கையில் இரண்டு விரல் அசைந்தது. "வருது" என்றேன், திக்கித் திக்கி. பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா ஒருவர், அவருக்கும் பக்கவாதம். கடகடவென்று சிரித்தார்: "என்ன தலைவரே, நீரு மெயின் ரோட்டுல மறியல் பண்ணுனப்போ நான் பஸ்ஸை மம்சாபுரம் வழியாத் திருப்பி விட்டேன். அதுக்கு என்னைய எம்புட்டு வஞ்சீரு! இப்ப உம்ம மண்டைக்குள்ளயும் அதேதான் நடக்கு."

மாற்றுப்பாதையைத் திட்டியே தொண்டை தேய்ந்த நான், இப்போது அதில் வரும் ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் கொடியசைத்து வழிவிடுகிறேன், அதுவும் இடது கையால்.