சனிக் கிரகத்துக்குப் போகும் வழியில் ஒரு செக்பொயின்ட்

சனிக் கிரகத்துக்கு மூன்று நாளில் போய்விட முடியாது என்று பத்து வயதில் சொன்னேன். அன்று சொன்னதிலிருந்து இன்றுவரை நான் ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை.

மாத்தளை டவுனில் மாமாவுக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. டெலிபோன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். கூட்டமில்லாத பின்னேரங்களில் அங்கிருந்த ஒரே கொம்பியூட்டரை எனக்கும் எதிர்வீட்டுச் சிங்களப் பையனுக்கும் விட்டுக்கொடுப்பார். அவன் சிங்களத்தில் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன். சண்டை பிடிக்க அது தாராளமாகப் போதும்.

நாங்கள் விளையாடியது விண்கப்பல் விளையாட்டு. பூமியில் சரக்கு ஏற்றிச் சனிக் கிரகத்தில் இறக்க வேண்டும். பயண நேரம் மூன்று நாள் என்று திரையில் விழும். சும்மா அளக்கிறார்கள் என்றேன் நான். இல்லை, சரிதான் என்றான் அவன். தோற்றவர் அந்த விடுமுறை முழுவதும் கீபோர்டைத் தொடக்கூடாது என்று பந்தயம் கட்டினோம். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் மாமா.

அவன் விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து தூரத்தை எடுத்தான். கப்பலின் வேகம் திரையின் மூலையிலேயே இருந்தது. வகுத்துப் பார்த்தான். கிட்டத்தட்ட மூன்று நாள்தான் வந்தது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"செக்பொயின்ட்ட கூட்டவே இல்லியே?" என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாவோடு கொழும்புக்குப் போய் வந்தவள் நான். ஆமி செக்பொயின்ட்டில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம், சண்டை நடந்துகொண்டிருந்த வடக்கிலுள்ள வவுனியா என்றிருக்கும். அதைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நான் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன். அப்பா ஒரே பதிலை ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அவரை விடும்போது நாங்கள் வந்த பஸ் போயிருக்கும், வேறொன்றைப் பிடிப்போம். பயணம் என்றாலே இப்படித்தான் என்று நம்பியிருந்தேன். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யோசித்ததே இல்லை. விடிகாலையில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கொழும்பு.

கொழும்புக்கே இந்தப் பாடு என்றால், சனிக் கிரகம்வரைக்கும் ஒருவரும் மறிக்காமல் விட்டுவிடுவார்களா? எப்படிப் பார்த்தாலும் நான்கு நாள் வேண்டும் என்றேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொழும்புக்கு அவ்வளவு நேரமெல்லாம் ஆகாது என்றான். போன வாரம் அவர்களும் நாங்களும் ஒரே பஸ்ஸில்தான் புறப்பட்டோம், அவனுக்கு முன் சீட்டில் நான். அன்று பகல் சோற்றைக் கொழும்பில் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டானாம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, இவன் புளுகுறான்! நாங்க போய்ச் சேர்றப்ப இருட்டிருச்சு. வேணும்னா அப்பாகிட்ட கேளுங்க!"

மாமா போட்டோகொப்பி மெஷினை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரில் ஒருவருக்கும் ஏச்சு விழவில்லை.

"ரெண்டு பேரு கணக்கும் சரிதான் புள்ள. போய் வெளையாடுங்க."

நான் விடவில்லை. ஒரே ரோடு, ஒரே பஸ், ஒரே காலை. விடை மட்டும் எப்படி இரண்டாகும்? பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் முட்டை அல்லவா போடுவார்கள்? கத்தியே கேட்டேன். மாமா மெஷினை மறுபடி ஓடவிட்டார். எதிர்வீட்டுக்காரருக்குப் பயந்து நியாயத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று முடிவுகட்டி, தோற்காமலே கீபோர்டை விட்டு எழுந்தேன். விடுமுறை முடியும்வரை அந்தக் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

எனக்கென்று ஓர் அடையாள அட்டை கிடைக்கும்வரை அந்த இரண்டு விடைகளும் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரியவில்லை. இப்போது நன்றாகவே புரிகிறது. ஆனால் மாமா சொன்னதுபோல, சரி என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன்.