தே ஓ குடித்த பிறகு வந்த பதில்

மலேசியாவில், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வீடு வீடாகப் போய் உடல்நலக் கேள்வி கேட்கும் சர்வே வேலையில் அது என் முதல் வாரம். ஏற்கெனவே நான் நிரப்பிய இரண்டு பாரங்கள் தள்ளுபடி. ஆபீசிலிருந்து மறுபடி விசாரித்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதும் தப்பானால் வேலை போய்விடும். அதைப் பார்க்கத்தான் சூப்பர்வைசர் ரஹீம் அண்ணன் கூடவே வந்திருந்தார். எனக்கு லேசாகக் காய்ச்சல் வேறு.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் லெட்சுமி அக்கா கதவைத் திறந்ததுமே, "உக்காரும்மா, தே ஓ கலக்குறேன்" என்றார். பால் சேர்க்காத தேநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

"வேணாங்கா, கேள்விய முடிச்சிட்டுப் போயிடுறேன்."

பயிற்சியில் சொன்னது அப்படி. எதையும் வாங்கக் கூடாது. இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். பதிலுக்கு "நல்லது" என்றுகூடச் சொல்லக் கூடாது. நானும் மரக்கட்டை மாதிரி வாசித்தேன்.

"உங்கள் உடல்நலம் எப்படி? நன்று, சுமார், மோசம்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"கடந்த ஒரு மாதத்தில் உடல்நலக் குறைவால் வேலைக்குப் போகாத நாட்கள் எத்தனை?"

"ஒண்ணும் இல்லம்மா."

மளமளவென்று முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனபோதுதான் பார்த்தேன், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார்.

கிளாஸை நீட்டினார். ரஹீம் அண்ணன் வாங்கிக்கொண்டார், நானும் வாங்கினேன். பாதி குடிப்பதற்குள் அக்கா கொட்டித் தீர்த்துவிட்டார். மழையில் சறுக்கி விழுந்தாராம், பத்து நாள் வெட்டுக்கே போகவில்லையாம்.

"ஐயோ, முதல்லயே சொல்லக் கூடாதாக்கா?"

"வீட்டுக்கு வந்த பிள்ள ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுகிட்டப் போயி எப்படிம்மா நோவச் சொல்றது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கேள்விகள் இருந்த டேப்லெட்டைத் திறந்தேன். பத்து என்று நானே போட்டுவிட்டால் அதுவும் தப்பு. முதல் கேள்வியிலிருந்து ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்தேன்.

"இதத்தான் இப்பக் கேட்டியே!" என்று அக்கா சிரித்தார். பிறகு சொன்னார். "சுமாரு. பத்து நாளு."

வாசலில் ரஹீம் அண்ணன் கேட்டார். "அந்த ரெண்டு வீட்டுலயும் தே ஓ குடிச்சியா?"

"இல்லண்ணே."

"நாளைக்குப் போயி முதல்ல குடி லா. அப்புறம் கேளு."

வேலை தப்பியது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதேதான்: கேள்வியை மாற்றாதீர்கள், கிளாஸை மறுக்காதீர்கள்.

அன்று கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "ஊரையே கேக்குற. நீ எப்படிம்மா இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேங்கா."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உள்ள வா. இன்னொரு கிளாஸ் குடிச்சிட்டுச் சொல்லு."