கதவுக்கு வெளியே அப்பா

நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா என் நெற்றியில் விபூதி பூசிவிடுவார். முதன்முதலாக விமானம் ஓட்டப் போன நாளில் தொடங்கிய வழக்கம், கொல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. அப்பா கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷமாகியும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சை இந்த ஊரால் அசைக்க முடியவில்லை.

நான் விமானியானதே தன்னால்தான் என்பார். பொய்யில்லை. சின்ன வயதில் குடும்பத்தோடு பறந்தபோது, அவர் போய் விமானி அறைக் கதவைத் தட்டி, "பிள்ளை பாக்கணும்ங்கான்" என்று கேட்டார். அவர்களும் கூப்பிட்டு உள்ளே நிற்கவைத்துக் காட்டினார்கள். அது அந்தக் காலம். பிறகு தீவிரவாதிகள் கடத்தினார்கள், குண்டு வைத்தார்கள், விமானத்தையே கொண்டுபோய் மோதினார்கள். கதவு துப்பாக்கிக்கும் அசையாத கதவாகிவிட்டது. வெளியே யாரை நிறுத்தி மிரட்டினாலும் திறக்காதே, பெற்றவர்களே ஆனாலும் திறக்காதே என்று பயிற்சியில் சொன்னபோது நாங்கள் சிரித்தோம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்த அப்பா, மறுநாள் திரும்ப வேண்டியவர், என்னிடம் மூச்சுவிடாமல் டிக்கெட்டை மாற்றி என் விமானத்திலேயே ஏறியிருக்கிறார். எனக்கு ஆச்சரியம் கொடுக்கணுமாம். மேலே போனதும் ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு மகனுக்கு விபூதி பூசவில்லையே என்று மனசு கேட்கவில்லை. பையிலிருந்த கோயில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே வந்து கதவைத் தட்டினார், அன்று தட்டின மாதிரியே.

பணிப்பெண் இன்டர்காமில் கூப்பிட்டாள். "சார், ஒருத்தர் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார். கையில வெள்ளைப் பொடி. தடுத்ததுல கொட்டிடுச்சு. எல்லாரும் பயந்துட்டாங்க."

வெளியே நிற்பவரைக் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தேன்.

"எங்கப்பா," என்றேன். துணை விமானி, ஜாதவ்பூர்ப் பெண், என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆனால் கதவுப் பூட்டின் மேலும் ஒரு கண் வைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே தோன்றியதே: அந்தப் பொட்டலத்தை வேறு எவனாவது அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தால்? பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி நினைக்கவைத்துவிட்டார்கள் பாவிகள். அதற்காகவே அவர்களை என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.

தரைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொன்னேன். கதவைத் திறக்கவில்லை. திரையில் இரண்டு பயணிகள் அப்பாவின் தோளை அழுத்தித் தரையில் உட்காரவைத்தார்கள். கதவைப் பார்த்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் திரையில் சத்தம் வராது.

கொல்கத்தாவில் விமானத்தை ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொன்னார்கள். முகமூடி போட்டவர்கள் வந்து அப்பாவைத் தனியே கூட்டிப்போய், விரல் விரலாகத் துடைத்துச் சோதித்தார்கள். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? விபூதிதான் என்று தெரிந்ததும் மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள்.

டாக்ஸியில் அப்பா கேட்டார். "நான் நிக்கது உள்ள உனக்குத் தெரிஞ்சுதால?"

"தெரிஞ்சுதுப்பா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பொறவு ஏன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "சரி, விடு. உன் சோலி அப்படி."

அடுத்த முறை வேலைக்குக் கிளம்பியபோது வழக்கம்போல் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். விபூதிச் சம்படம் சாமி படத்துக்குக் கீழேதான் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்து, புரட்டியும் காட்டினார்.

"பாத்துக்கோ, ஒண்ணும் இல்ல," என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வெறுங்கையை என் தலைமேல் வைத்தார்.