நூற்று நான்கு நடை

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, குளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீருக்குள் விடுகிறார். முழங்கை வரை விட்டாக வேண்டும். மணிக்கட்டு வரை போதாது. கண்களை மூடிக்கொண்டு பத்து எண்ணுகிறார். பிறகு கையை எடுத்து, உதறாமல், மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார்.

“மஞ்சள் இன்னிக்கு வெளிறித்தான் வரும், பாருங்க” என்பார். அதற்கப்புறம்தான் பையிலிருந்து சோதனைக் குப்பிகள் வெளியே வரும். குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்தில் ஐந்து சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் ஏறும். சொன்ன நிறமே வந்துவிட்டால் முகமெல்லாம் பல். வராவிட்டால் சொட்டு மருந்துக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். அவருடைய மூக்குக்கு ஒருபோதும் வயசாகாது.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் குளத்துக்காரர். நான் குடியிருக்கும் மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதான் வீட்டுக்கார அக்காவின் நீச்சல் குளம். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஆள் நெஞ்சளவு ஆழம். செவ்வாய், வெள்ளி காலையில் அவருடைய மோட்டார் பைக் சத்தம் கேட்டால் நான் எழுத வேண்டியதை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். வேலை செய்கிறவரை வேடிக்கை பார்ப்பது போன்ற சுகமான வேலை வேறு இல்லை.

அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். வெயிலில் வெளுத்த நீலச் சட்டை. மருந்து பட்டுப் பட்டு விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். நீச்சல் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். “தெரியாது தம்பி. தெரிஞ்சா வேலை ஓடுமா? உள்ளயே கிடப்பேன்.”

கோபம் என்பதே கிடையாது, அந்தக் கம்பைத் தொடாதவரை. இலை அள்ளும் வலையை மாட்டுகிற நீளமான அலுமினியக் கம்பு அது. இரண்டு கையும் பிடிக்கிற இடங்களில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, வரிவரியாகச் சுற்றியிருப்பார். மாடியிலிருந்து விழுந்த என் துண்டை எடுக்க ஒருமுறை அதை எடுத்துவிட்டேன். “அது என் கை தம்பி. அதை ஏன் எடுக்கறீங்க?” என்றார். குரல் உயரவில்லை. ஆனாலும் அந்தத் துண்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் இன்னொரு விசித்திரம், எந்தச் செலவையும் பணமாகச் சொல்ல மாட்டார். தான் ஒரு வீட்டுக்குப் போய்வரும் கூலிதான் அவருக்கு அளவுகோல். அதற்குப் பெயர் ஒரு நடை. ஒரு வாளி குளோரின் ஆறு நடை. மோட்டார் முப்பது நடை. அவர் பல் பிடுங்கிக்கொண்டது நாலு நடை. “காசு ஏறும், இறங்கும். நான் குந்தி எழுந்திருக்கறது மாறாதுல்ல?” என்பது அவர் நியாயம்.

இனி அந்தக் குளத்தில் இறங்குகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், எங்களுக்கெல்லாம் சார். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தரையில் நாலடி வைக்க அவருக்கு அக்காவின் தோளும் ஒரு தடியும் வேண்டும். தண்ணீரில் எதுவும் வேண்டாம். பக்கக் கம்பியை வலது கையால் லேசாகத் தொட்டபடி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவரே நடந்து போவார். ஒரு நாளில் அவர் யாரையும் பிடிக்காமல் இருப்பது அந்த அரை மணி நேரம்தான்.

ஆனால் சாரின் ஓய்வூதியம் மாத்திரைக்கும் வீட்டுச் செலவுக்குமே இழுபறியாக இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகன் போனில் ஒரே பாட்டு: “மண்ணைப் போட்டு மூடுங்கம்மா. அப்பாவை ஆஸ்பத்திரிக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனா போச்சு.” கெட்ட பிள்ளை இல்லை. அவனும்தானே பணம் அனுப்ப வேண்டும்.

அக்கா முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தார். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று குளத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் பச்சை தட்டியதும் தானே ஒரு நாள் உச்சி வெயிலில் அரை வாளிப் பொடியை அப்படியே கொட்டினார். சாயங்காலமும் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. அடியில் பொடி கட்டிகட்டியாகக் கிடந்த இடத்தில் நீலத் தரை வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது. ஆறு நாள் சார் தண்ணீரில் இறங்கவில்லை. ஏழாம் நாள் கட்டிலிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருந்தது, நான் ஒருவன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் கையை விட்டுப் பார்த்தார், முகர்ந்தார்.

“மத்தியானம் போட்டீங்களாக்கா?”

“ஆமா. வெயில்ல நல்லா வேலை செய்யும்னு நினைச்சேன்.”

“வெயிலுக்குப் போட்டுட்டீங்க. அது மொத்தத்தையும் தின்னுடுச்சு, தண்ணிக்கு ஒண்ணும் கிடைக்கல. பொழுது சாஞ்சப்புறம், வாளித் தண்ணியில கரைச்சு, ஓரமா சுத்தி ஊத்தணும்.”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீங்களே சொல்லிடுங்க. உங்களையே வச்சுக்கறதா, உப்பு போட்டா தானே குளோரின் செய்யற மெஷின்னு ஒருத்தன் வந்து சொன்னானே, அதை வாங்கறதா, நானே பாத்துக்கறதா, மூடிடறதா? எது கட்டுப்படியாகும்? எனக்கு ஒளிக்காம சொல்லுங்க.”

குளத்துக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கு அப்போது இருந்தது ஆறு வீடு. அதில் வாரம் இரண்டு நடை உள்ள வீடு இது ஒன்றுதான். “வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்று போனார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தார், கையில் குளோரின் வாளியின் வெள்ளை மூடியோடு. மூடியின் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் நாலு கட்டம் போட்டு எழுதியிருந்தார். நானும் கீழே இறங்கிப் போனேன். அழைக்கவில்லைதான்.

“மோட்டார் கரண்டு எல்லாத்துக்கும் பொது, அதை விட்டுட்டேன். நான் வந்தா, மருந்தோட சேத்து வருஷத்துக்கு நூத்தி நாலு நடை. உப்பு மெஷின் வாங்க மட்டும் தொண்ணூறு. கை வைக்கவே வேணாம்னு சொல்லுவான், நம்பாதீங்க. இலையை மெஷின் அள்ளாது, சுவரையும் தேய்க்காது. நாலஞ்சு வருஷத்துல உள்ள இருக்கற தகடு போயிடும், அதுக்கு ஒரு நாப்பது. கையில மொத்தமா காசு இருக்கறவங்களுக்கு அது சரி.”

“எங்ககிட்ட இல்ல.”

“அதான் அதை அடிச்சுட்டேன். மூடறதுக்கு மண்ணும் ஆளும் அறுபது. உங்க பையன் அதை மட்டும்தான் பாத்திருப்பார். ஆஸ்பத்திரிக் குளத்துக்கு வாடகைக் கார் போக வர ஒண்ணரை நடை. வாரம் மூணு தடவை போனா வருஷத்துக்கு இருநூத்தி முப்பத்தி நாலு. அங்க வரிசையில சார் உக்காந்திருக்கறதுக்கு நான் கணக்கு போடல.”

கடைசிக் கட்டத்தைப் படிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. “நீங்களே பாத்துக்கிட்டா, மருந்து, சொட்டு எல்லாம் சேத்து முப்பத்தாறு. அவ்வளவுதான். தினம் ஒரு மணி நேரம் ஆகும். இடுப்பு வலிக்கும். நாலு வாரம் சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு வந்துடும்.”

தன் பெயரைத் தானே அடித்துவிட்டு எதிரில் நின்றார் மனிதர். இதற்கு அவர் மனைவியிடம் கிடைத்த பாராட்டைப் பின்னால் ஒருநாள் அவரே சொன்னார்: “உங்க வாயில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்கன்னு சொன்னா. ரெண்டு நாள் பேசல.”

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அக்கா, நாலாவது கட்டத்தின் அடியில் விரலை வைத்தார். “மாசம் ஒருக்கா நீங்க வந்து பாக்கறதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு நேரா ஒண்ணும் போடலையே?”

“அது வழியில வர்றது அக்கா. கணக்கில்ல.”

எங்கள் தெரு முட்டுச்சந்து. இந்த வீடுதான் கடைசி. இது யாருக்கும் எந்த வழியிலும் வராது. அக்காவுக்கும் அது தெரியும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனார்.

நாலு வாரம் பாடம் நடந்தது. அக்கா கையை முழங்கை வரை விட்டார், பத்து எண்ணினார், முகர்ந்தார். “ஒண்ணும் தெரியலையே” என்றார். “எனக்கும் மூணு வருஷம் ஒண்ணும் தெரியல. விட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. அதுவரைக்கும் குப்பி இருக்கு” என்றார் அவர். மருந்து வாசனை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கக் கூடாது, மருந்து பற்றவில்லை என்று அர்த்தம், என்பதையும் சொல்லிக் கொடுத்தார். நானும் கற்றுக்கொண்டேன். என்னிடம் குளம்தான் இல்லை.

கடைசிச் செவ்வாய்க்கிழமை. சார் அதற்குள் தண்ணீரில் இறங்கி, அந்தக் கரையைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார். இலை அள்ளுவதற்கு அக்கா பழைய துடைப்பக் கழியில் ஒரு சல்லடையைக் கட்டி வைத்திருந்தார். குளத்துக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கம்பை நீட்டினார்.

“பிடிங்க.”

அக்கா தயங்கினார். என் துண்டுக் கதை அவருக்கும் தெரியும்.

“சும்மா பிடிங்கக்கா. இலை அள்ளற மாதிரி நில்லுங்க.”

அக்கா அவருடைய நெஞ்சுயரம்தான். சைக்கிள் டியூப் சுற்றியிருந்த இடம் அவருக்குத் தலைக்கு மேலே போயிற்று. அதற்கு ஒரு முழம் கீழே வெறும் அலுமினியத்தில் இரண்டு கையும் வழுக்கிக்கொண்டு நின்றன. குளத்துக்காரர் அந்த இரண்டு இடத்திலும் மார்க்கரால் கோடு போட்டார்.

பிறகு கம்பை வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பல வருஷமாக இறுகிப்போயிருந்த டியூப்பை, வெளுத்த விரல் நகத்தால் நெம்பி, வரிவரியாகப் பிரித்தார். பிரித்ததைத் தண்ணீரில் அலசி, முதல் கோட்டில் வைத்து, மறுபடி சுற்றத் தொடங்கினார். இரண்டாவது கோட்டிலும் சுற்றி முடித்ததும், கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார்.