லூயிஸின் ஏணி

ஆறடி மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறார் லூயிஸ். மூலைக்கு மூலை அதைச் சுவரில் சாய்த்து, மூன்றாம் படியில் நின்று ஓட்டுக் கேட்கிறார். மைக் இல்லை, கொடி இல்லை. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கத்திப் பழகிய தொண்டை இருக்கிறது. கேட்க நாலு பேர் நின்றால் அன்றைக்கு அதுதான் பெரிய கூட்டம்.

ராயபுரத்தில் மாநகராட்சித் தேர்தலுக்கு அவர் நிற்பது இது மூன்றாம் தடவை. ஐம்பத்தொன்பதில் டிபாசிட் போனது, அறுபத்து நாலிலும் போனது. மூன்று தடவையும் கேட்டு வாங்கிய சின்னம் ஏணி. வெற்றிலைக் கடை ராமசுப்பு அவரைக் 'கவுன்சிலர்' என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லூயிஸ் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்று. தெருவுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே துறைமுக ரயில் பாதை. சரக்கு வண்டி வந்து நின்றால் மணிக்கணக்கில் நகராது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவசரமாகப் போகிறவர்கள் பெட்டிக்கு அடியில் குனிந்து போகிறார்கள். அவர் மகள் எல்சி பன்னிரண்டு வயதில் அப்படிக் குனிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. வலது கால் முழங்காலோடு போயிற்று. அடுத்த வருஷமே லூயிஸ் தேர்தலில் நின்றார்.

"ஏறி எறங்க ஒரு பாலம். வேற இன்னா கேட்டேன்?"

ஜெயித்த இரண்டு பேரும் பாலம் கட்டுவதாகச் சொன்னவர்கள்தான். ஒரு செங்கல் வந்ததா? மாலை போட்ட கழுத்தோடு போனவர்கள், போனவர்கள்தான்.

இந்த ஏணியைத்தான் பெரிய கட்சிக்குச் சுவரெழுதும் வெள்ளத்துரை இரவல் வாங்கிப் போவான். உமக்குப் புத்தி இருக்கிறதா என்று சத்தம் போட்டேன்.

"சொம்மா தான கீது நைனா, எய்தட்டும்" என்றார்.

ஓட்டுப் போடும் நாளன்று, சொல்லிவைத்தாற்போலச் சரக்கு வண்டி குறுக்கே நின்றது. என்ஜினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாக்குச்சாவடியோ பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம். லூயிஸ் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏணியைச் சாய்த்தார். பெட்டிகளை இணைக்கும் கொக்கியின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். யார் எந்தக் கட்சி என்று பாராமல் கை கொடுத்து ஏற்றிவிட்டார். வெள்ளத்துரையையும் ஏற்றிவிட்டார். அந்தப் படுபாவி அந்தப் பக்கம் இறங்கியதும் நேரே போலீஸிடம் போய்ப் புகார் கொடுத்தான்: சாவடிக்கு நூறு கஜத்துக்குள் வேட்பாளர் தன் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறார்!

போலீஸ்காரர் வந்தார். ஏணியை எடுக்காவிட்டால் கேஸ் என்றார். சட்டமாம். பத்து வருஷமாகப் பாலம் கட்டாததற்கு ஒரு சட்டமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து எல்சியின் முறை வந்திருந்தது. இருபத்திரண்டு வயது, முதல் ஓட்டு. கட்டையை ஊன்றி நின்றாள். கால் போன நாளிலிருந்து எந்தப் பெட்டிக்கு அடியிலும் அவள் குனிந்ததில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர்.

லூயிஸ் ஏணியை எடுத்து ஓரமாகப் படுக்கவைத்தார்.

"ஏணியத்தான சார் எடுக்கச் சொன்ன?"

சட்டையைக் கழற்றினார். ஜல்லியில் இரண்டு கைகளையும் ஊன்றி, கொக்கியை ஒட்டி முதுகைப் படியாகக் கொடுத்துக் குனிந்தார்.